அறிகுறியிலிருந்து காரணத்துக்கு: மைக்ரோகன்ட்ரோலர் சீரியல் தொடர்பில் பிழை நீக்கும் வழிமுறை

மைக்ரோகன்ட்ரோலரின் யூஆர்ட் (பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பிப் பெறும் சீரியல் பகுதி) வழியே அனுப்பிய எழுத்து கணினித் திரையில் ஒழுங்காக வராதபோது, பலரும் முதலில் செய்வது பாட் வேகத்தை, அதாவது வினாடிக்கு எத்தனை பிட் என்பதை, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதுதான். சில வேளைகளில் அது பலித்துவிடும். பலிக்காத நாளில் பொழுது சாய்ந்துவிடும். பிழை எந்த வடிவில் தென்படுகிறது என்பதை நிதானமாகப் பார்த்தால், கோளாறு கம்பியிலா, கடிகாரத்திலா, மின்னழுத்தத்திலா, நிரலிலா என்பது பெரும்பாலும் அங்கேயே பிடிபட்டுவிடுகிறது. ஒன்றுமே வராமலிருப்பதும், முழுக்கக் குப்பையாக வருவதும், நூறு எழுத்தில் ஒன்று மட்டும் தவறுவதும் தனித்தனிக் காரணங்களால் வருபவை. அவற்றுக்கு ஒரே மருந்தைக் கொடுத்துப் பயனில்லை. ஆகவே இந்த வழிமுறையை அறிகுறிகளின் வரிசையில் எழுதியிருக்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் ஓடும் ஏடிமெகா328பி சில்லை எடுத்துக்கொள்கிறேன். அர்டுயினோ ஊனோ பலகையில் இருப்பது அதுவே. எஸ்டிஎம்32, இஎஸ்பி8266 போன்றவை வேறுபடும் இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

தடத்தில் எதுவும் அனுப்பப்படாத நேரத்தில் மின்னழுத்தம் உயர்நிலையில் நிற்கும். ஒரு பைட் புறப்படும்போது முதலில் தாழ்நிலையில் ஒரு தொடக்க பிட், பிறகு மிகச் சிறிய மதிப்புள்ள பிட்டிலிருந்து ஏறுவரிசையில் எட்டுத் தரவு பிட்டுகள், கடைசியில் உயர்நிலையில் ஒரு முடிவு பிட் என மொத்தம் 10 பிட்டுகள் செல்கின்றன. 9600 பாட் வேகத்தில் ஒரு பிட்டின் நீளம் ஏறத்தாழ 104 மைக்ரோ வினாடி, ஒரு பைட்டுக்கு 1.04 மில்லி வினாடி. 115200 வேகத்தில் ஒரு பிட் 8.68 மைக்ரோ வினாடி, ஒரு பைட் ஏறத்தாழ 87 மைக்ரோ வினாடி. கடிகாரத்துக்கெனத் தனிக் கம்பி இல்லாததால், தொடக்க பிட்டின் இறக்கத்தைக் கண்ட கணத்திலிருந்து பெறும் பக்கம் தன் சொந்தக் கடிகாரத்தை மட்டுமே நம்பி மீதி ஒன்பது பிட்டுகளையும் எண்ணியாக வேண்டும். கீழே வரும் கோளாறுகள் பலவும் இந்த ஓர் ஏற்பாட்டிலிருந்து பிறப்பவையே.

சோதனைக்கு ஏற்ற எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தான 'யூ'. அதன் ஆஸ்கி மதிப்பு 85. இரும எண்ணில் 01010101. தொடக்க பிட்டையும் முடிவு பிட்டையும் சேர்த்தால், தடத்தில் தாழ்நிலையும் உயர்நிலையும் ஐந்தைந்தாக மாறி மாறி வரும் சீரான சதுர அலை கிடைக்கும். வேறு எதையும் செய்யாமல் இந்த ஒரே எழுத்தை இடைவிடாமல் அனுப்பும் நான்கு வரி நிரல் ஒன்றை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பெரிய நிரலுக்குள் நின்றுகொண்டு பிழை தேடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

திரையில் ஒன்றுமே வரவில்லை

முதலில் மைக்ரோகன்ட்ரோலரைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுங்கள். யூஎஸ்பி–சீரியல் மாற்றியின் அனுப்பும் முனையையும் பெறும் முனையையும் ஒரு கம்பியால் இணைத்து, டெர்மினல் நிரலில் உள்ள உள்ளூர் எதிரொலியை அணைத்துவிட்டு, விசைப்பலகையில் தட்டிப் பாருங்கள். தட்டிய எழுத்து திரும்பி வந்தால் கணினி, கேபிள், டிரைவர், மாற்றி ஆகிய நான்கும் சரி. வராவிட்டால் பலகையைச் சோதிப்பது வீண் வேலை. இந்தச் சோதனைக்கு அரை நிமிடம் ஆகும், அதைச் செய்யாமல் நிரலைத் திருத்தத் தொடங்கக் கூடாது. ஊனோ பலகையிலேயே இதைச் செய்ய வேண்டுமானால், ரீசெட் முனையைக் கிரவுண்டுடன் சேர்த்துச் சில்லை உறங்க வைத்துவிட்டு, 0, 1 ஆகிய முனைகளை இணைத்தால் போதும்.

எழுத்து திரும்பாவிட்டால் பார்க்க வேண்டியவை சிலவே. கைபேசிக்கு மின்னேற்றம் செய்ய மட்டும் பயன்படும் யூஎஸ்பி கேபிள்களில் தரவுக் கம்பிகள் இருப்பதில்லை. வேறு கேபிளை மாட்டிப் பாருங்கள். லினக்ஸில் சீரியல் துறையை (போர்ட்) திறக்க அனுமதியில்லை என்று பிழை வந்தால், உங்கள் பயனர் கணக்கை டயல்அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும். உபுண்டு 22.04-இல் சிஎச்340 சில்லுள்ள மாற்றியை மாட்டியதும் துறை தோன்றி உடனே மறைந்தால், அது மாற்றியின் குறையன்று. பிரெய்ல் காட்சிக் கருவிகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்னும் சேவை, அந்தச் சில்லின் அடையாள எண்ணைத் தன்னுடையதென்று எண்ணி அதைக் கைப்பற்றிக்கொள்கிறது. பிரெய்ல் கருவி பயன்படுத்தாதவர்கள் அந்தச் சேவையை நீக்கினால் துறை நிலைத்துவிடும்.

மாற்றி சரியென்று தெரிந்தபின் பலகையை மீண்டும் இணையுங்கள். ஒருவரின் அனுப்பும் முனை மற்றவரின் பெறும் முனைக்குச் செல்ல வேண்டும் என்பது பொது விதி. ஆனால் சில தொகுதிகளில் முனைக்கு எழுதியிருக்கும் பெயர், எதிர்ப்பக்கத்தின் எந்த முனையுடன் சேர்க்க வேண்டும் என்பதைக் குறிக்கிறது. பெயரை நம்பி ஐயப்படுவதைவிட மல்டிமீட்டரை எடுப்பது எளிது. ஓய்வில் இருக்கும் அனுப்பும் முனையில் 5 வோல்ட் அல்லது 3.3 வோல்ட் திடமாக இருக்கும். பெறும் முனையில் அப்படி உறுதியான அழுத்தம் இருக்க வேண்டியதில்லை. அனுப்பும் முனை எது என்று தெரிந்ததும் 'யூ' நிரலை ஓட்டுங்கள். உயர்நிலையும் தாழ்நிலையும் சரிபாதியாக இருப்பதால், 5 வோல்ட் பலகையில் மீட்டர் ஏறத்தாழ 2.5 வோல்ட் காட்ட வேண்டும். அப்படிக் காட்டினால் சில்லு அனுப்புகிறது, கோளாறு அதற்கு அப்பால் இருக்கிறது. 5 வோல்ட்டிலேயே அசையாமல் நின்றால் யூஆர்ட் விழித்திருக்கிறது, நிரல் அனுப்பும் இடத்துக்கு வந்து சேரவில்லை. 0 வோல்ட் காட்டினாலோ முனை மிதந்தாலோ அனுப்பும் பகுதி இயக்கப்படவேயில்லை. எஸ்டிஎம்32 சில்லுகளில் இந்த மூன்றாவது நிலை மிகுதியாகக் காணப்படும், ஏனென்றால் அங்கே யூஆர்ட்டுக்கும் முனைத்தொகுதிக்கும் தனித்தனியே கடிகாரத்தைத் திறந்துவிட வேண்டும்; முனையை மாற்றுப்பணி நிலையிலும் வைக்க வேண்டும். மூன்றில் ஒன்று விடுபட்டாலும் முனை ஊமையாகவே இருக்கும்.

எழுத்து வருகிறது, ஆனால் முழுக்கக் குப்பை

இங்கே முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள். பத்து எழுத்து அனுப்பித் திரையில் அதைவிடக் கூடுதலாக வந்தால், பெறும் பக்கம் அனுப்பும் பக்கத்தைவிட வேகமாக எண்ணுகிறது. ஒரே சட்டகத்தை (தொடக்க பிட் முதல் முடிவு பிட் வரையிலான தொகுப்பை) அது பல சட்டகங்களாகப் பார்க்கிறது. பத்துக்குக் குறைவாக வந்தால் பெறும் பக்கம் மெதுவாக இருக்கிறது. பெறும் பக்கம் பல மடங்கு வேகமாக இருக்கும்போது, பெற்ற பைட்டுகளை இரும எண்ணாக அச்சிட்டால் கீழ்ப்பிட்டுகள் எல்லாம் சுழியமாகவும் மேற்பிட்டுகள் எல்லாம் ஒன்றாகவும் இருக்கும் 00000000, 10000000, 11100000 போன்ற உருவங்களே திரும்பத் திரும்ப வரும். அனுப்பியவரின் ஒரு பிட்டே பெறுபவருக்குப் பல பிட்டுகளாக நீண்டு தெரிவதன் அடையாளம் அது.

எவ்வளவு வேறுபாடு என்பதை ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். ஆசிலோஸ்கோப்போ, விலை குறைந்த எட்டுத் தட லாஜிக் அனலைசரோ இருந்தால் 'யூ' அலையில் ஒரு துடிப்பின் அகலத்தை அளங்கள். 1,000,000-ஐ மைக்ரோ வினாடியில் வந்த அகலத்தால் வகுத்தால் உண்மையான பாட் வேகம் கிடைக்கும். அதை நீங்கள் கேட்ட வேகத்துடன் ஒப்பிட்டு விகிதத்தைக் காணுங்கள். அந்த விகிதம் பெரும்பாலும் காரணத்தின் பெயரையே சொல்லிவிடும்.

விகிதம் 16 என்று வந்தால், அதாவது 9600 கேட்டு 600 கிடைத்தால், புதிதாக வாங்கிய ஏடிமெகா328பி சில்லின் ஃபியூஸ்கள் (கடிகாரம் முதலியவற்றைத் தீர்மானிக்கும் நிலையான அமைப்பு பிட்டுகள்) மாற்றப்படாமல் இருக்கின்றன. அந்தச் சில்லு தொழிற்சாலையிலிருந்து வரும்போது உள்ளிருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் ஆர்சி (மின்தடை–மின்தேக்கி) அலையியற்றியில், எட்டால் வகுக்கும் ஃபியூஸ் போடப்பட்ட நிலையில், 1 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடுகிறது. வெளியே 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைப் பற்றவைத்திருந்தாலும் ஃபியூஸை மாற்றும்வரை சில்லு அதைத் திரும்பிப் பார்க்காது. அளவைக் கருவி இல்லாதவர்கள் ஒரு வினாடிக்கு ஒருமுறை எல்இடியை மினுக்கும் நிரலை ஏற்றிப் பார்க்கலாம். 16 வினாடிக்கு ஒருமுறை மினுங்கினால் இதே காரணம்தான். ஃபியூஸை மாற்றாமல் நிரலில் கடிகார மதிப்பை மட்டும் 1 மெகாஹெர்ட்ஸ் என்று திருத்துபவர்கள் இன்னொரு குழியில் விழுகிறார்கள். 1 மெகாஹெர்ட்ஸில் சாதாரண முறையில் 9600-க்கு அருகில் கிடைக்கும் வேகம் 8929 மட்டுமே, பிழை 7 விழுக்காடு. இரட்டை வேகப் பிட்டை இயக்கி, கடிகாரத்தை வகுத்துப் பாட் வேகத்தைத் தரும் பகுப்பெண்ணை 12 ஆக வைத்தால் 9615 கிடைக்கும், அது போதும்.

எஸ்டிஎம்32 எஃப்4 சில்லுகளில் 9600 கேட்டு 3072 கிடைத்தால், 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருப்பதாக நூலகம் நம்பிக்கொண்டிருக்க, பலகையில் இருப்பது 8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். கடிகார அமைப்பில் வெளிக் கிரிஸ்டலின் மதிப்பைக் கூறும் ஒரு மாறிலியைத் திருத்தினால் எல்லாம் சரியாகிவிடும்.

ஏடிமெகா8, 16, 32 ஆகிய பழைய சில்லுகளில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிரலை எத்தனை முறை படித்தாலும் அது கண்ணுக்குத் தெரியாது. அந்தச் சில்லுகளில் பாட் பகுப்பெண்ணின் மேற்பகுதியை வைத்திருக்கும் யூபிஆர்ஆர்எச் பதிவகமும், பிட் எண்ணிக்கை, பாரிட்டி (பிழையைக் கண்டறியச் சேர்க்கும் கூடுதல் பிட்) முதலியவற்றைத் தீர்மானிக்கும் யூசிஎஸ்ஆர்சி பதிவகமும் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. எழுதும் மதிப்பில் யூஆர்செல் என்னும் மேற்பிட் ஒன்றாக இருந்தால்தான் அது யூசிஎஸ்ஆர்சிக்குப் போகும். இல்லையென்றால் பகுப்பெண்ணின் மேற்பகுதிக்குப் போய்விடும். ஏடிமெகா328பிக்கு எழுதிய நிரலில் அந்தப் பிட் இராது, அதற்குத் தேவையும் இல்லை. அந்த நிரலை ஏடிமெகா32-க்கு மாற்றி, எட்டு பிட்டுகளைத் தேர்ந்தெடுக்க 6 என்று எழுதும் வரியையும் அப்படியே கொண்டுவந்தால், 103 ஆக இருக்க வேண்டிய பகுப்பெண் 6 × 256 + 103, அதாவது 1639 ஆகிவிடுகிறது. 16 மெகாஹெர்ட்ஸில் அது தரும் வேகம் சுமார் 610 பாட். கடிகாரமும் சரி, கணக்கும் சரி, கம்பியும் சரி என்று ஒவ்வொன்றாகத் தேறிய பிறகும் குப்பை நிற்காதபோது இந்தப் பிட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வேகத்தை வைத்தாலும் குப்பை நீங்கவில்லை, ஓய்வு நிலையில் தடம் தாழ்ந்திருக்கிறது அல்லது எதிர்மறை மின்னழுத்தம் காட்டுகிறது என்றால், எதிர்ப்பக்கத்தில் இருப்பது ஆர்எஸ்-232 என்னும் பழைய சீரியல் தரம். பழைய எடைக்கருவிகள், தொழிற்சாலைக் கட்டுப்படுத்திகள், ஒன்பது முனை இணைப்பான் உள்ள கணினிகள் ஆகியவற்றில் இன்னும் அதுவே வழக்கம். அங்கே ஓய்வு நிலை என்பது கழித்தல் 3 முதல் கழித்தல் 15 வோல்ட் வரை. தொடக்க பிட் கூட்டல் 3 முதல் கூட்டல் 15 வரை. நிலைகள் தலைகீழாக இருப்பதோடு, அந்த மின்னழுத்தம் சில்லின் முனையை எரித்துவிடவும் கூடும். இடையில் மேக்ஸ்232 போன்ற மாற்றுச் சில்லு கட்டாயம் வேண்டும். அறிமுகமில்லாத கருவியின் சீரியல் முனையை மீட்டரில் அளந்து பார்க்காமல் மைக்ரோகன்ட்ரோலரில் சொருகக் கூடாது என்பதில் நான் எந்த விதிவிலக்கும் வைத்துக்கொள்வதில்லை.

பெரும்பாலும் சரி, இடையிடையே ஓர் எழுத்து தவறுகிறது

எழுத்தின் எண்ணிக்கை சரியாக இருந்து மதிப்பு மட்டும் மாறுகிறதா, அல்லது எழுத்தே காணாமல் போகிறதா என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். காணாமல் போவதற்கு அடுத்த பகுதியைப் பாருங்கள். மதிப்பு மாறுவதென்றால் வேகத்தில் சிறு பிசகு இருக்கலாம். பத்தாவது பிட்டின் நடுவை அடையும்போது பெறும் பக்கம் தொடக்கத்திலிருந்து ஒன்பதரை பிட் தொலைவு வந்திருக்கும். அங்கே அரை பிட்டுக்கு மேல் விலகினால் முடிவு பிட் தவறிவிடும். கணக்கிட்டால் இரு பக்கங்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 5 விழுக்காடுதான் எல்லை. நடைமுறையில் மின் இரைச்சலுக்கும் அலையின் சரிவுக்கும் இடம் விட வேண்டும். ஏடிமெகா328பியின் தரவுத்தாள், எட்டு பிட் சட்டகத்தில் சாதாரண முறைக்கு 2 விழுக்காடு, இரட்டை வேக முறைக்கு 1.5 விழுக்காடு என்றுதான் பரிந்துரைக்கிறது.

இந்த எல்லையை மனத்தில் வைத்துக்கொண்டு 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைப் பாருங்கள். 9600-க்குப் பிழை 0.2 விழுக்காடு, கவலையில்லை. 115200-க்குச் சாதாரண முறையில் பகுப்பெண் 8 தருவது 111,111, அதாவது 3.5 விழுக்காடு குறைவு. இரட்டை வேகத்தில் பகுப்பெண் 16 தருவது 117,647, அதாவது 2.1 விழுக்காடு கூடுதல். ஆகவே அந்தக் கிரிஸ்டலில் 115200 எப்போதும் விளிம்பிலேயே ஓடுகிறது. மறுபக்கத்தில் துல்லியமான கடிகாரம் இருக்கும்வரை நன்றாக வேலை செய்யும். மறுபக்கமும் ஆர்சி அலையியற்றியில் ஓடும் மலிவான தொகுதியாக இருந்து, அதன் பிழை எதிர்த்திசையில் விழுந்தால் எழுத்து சிதறும். இரண்டு பக்கமும் உங்கள் கையில் இருந்தால் 250,000 பாட் வேகத்தைத் தேர்ந்தெடுங்கள். 16 மெகாஹெர்ட்ஸில் அதற்குப் பிழையே இல்லை. நிலையான வேகங்கள்தான் வேண்டுமென்றால் 11.0592 அல்லது 14.7456 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைப் பற்றவையுங்கள். இந்த விந்தையான எண்கள் கடைகளில் கிடைப்பதற்குக் காரணமே அவை சீரியல் வேகங்களால் மீதியின்றி வகுபடுவதுதான். உள் ஆர்சி அலையியற்றியின் தொழிற்சாலைத் துல்லியம் 10 விழுக்காட்டுக்குள் என்றுதான் உறுதியளிக்கப்படுகிறது, வெப்பநிலையோடும் மின்னழுத்தத்தோடும் அது நகரும். காலையில் வேலை செய்து நண்பகல் வெயிலில் திணறும் கருவியில் முதலில் ஐயப்பட வேண்டியது அதைத்தான்.

தவறும் எழுத்துகள் 128-க்கு மேற்பட்ட மதிப்புகளாக வந்தால் கூர்ந்து பார்க்க வேண்டும். 'ஏ', 'பி', 'சி' என்னும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளை அனுப்புங்கள். மதிப்புகள் 65, 66, 67. முதல் இரண்டும் சரியாக வந்து மூன்றாவது மட்டும் 195 ஆக வந்தால், கடிகாரத்தைத் தொடாதீர்கள். 65-இலும் 66-இலும் ஒன்றாக இருக்கும் பிட்டுகள் இரண்டிரண்டு, 67-இல் மூன்று; அனுப்பும் கருவி ஏழு தரவு பிட்டும் இரட்டைப் பாரிட்டியுமாக அனுப்புகிறது, நீங்கள் அந்தப் பாரிட்டி பிட்டை எட்டாவது தரவு பிட்டாகப் படிக்கிறீர்கள். வேகப் பிசகு ஒன்றுகளின் எண்ணிக்கையைப் பார்த்து இப்படிப் பொறுக்கியெடுத்துப் பாதிக்காது. இதன் மறுபுறமும் உண்டு. எஸ்டிஎம்32 எஃப்1, எஃப்4 சில்லுகளில் சொல் நீளம் என்பது பாரிட்டியையும் சேர்த்த எண். எட்டு தரவு பிட்டோடு பாரிட்டி வேண்டுமென்றால் ஒன்பது என்று அமைக்க வேண்டும். எட்டு என்றே விட்டுவிட்டால் மேற்பிட் பாரிட்டிக்கு இரையாகிவிடும்.

மூன்றாவது காரணம் மின்னழுத்தம். 5 வோல்ட் ஏவிஆர் சில்லு 3 வோல்ட்டுக்கு மேற்பட்டதை உயர்நிலையாக எடுத்துக்கொள்கிறது, 3.3 வோல்ட் தொகுதி நேரடியாக இணைக்கப்பட்டால் மிஞ்சும் இடைவெளி 0.3 வோல்ட்தான். மேசைமீது ஓடும், மோட்டார் அருகில் நீண்ட கம்பியில் தடுமாறும். எதிர்த்திசையில் 5 வோல்ட்டை இஎஸ்பி32 போன்ற சில்லின் முனைக்கு நேரே கொடுக்கக் கூடாது. 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் மின்தடைகளால் பகுத்து 3.3 வோல்ட்டாக்கிக் கொடுக்க வேண்டும்.

சிறு செய்தி வருகிறது, நீண்ட செய்தியில் எழுத்துகள் விடுபடுகின்றன

இது கம்பியின் குற்றமன்று. சில்லு வந்ததை எடுத்துக்கொள்ளத் தாமதிக்கிறது. ஏடிமெகா328பியின் வன்பொருள் இரண்டு பைட்டுகளைத் தாங்கிக்கொண்டு, மூன்றாவதை நகர்வுப் பதிவகத்தில் நிறுத்தி வைக்கும்; நான்காவதன் தொடக்க பிட் வந்துவிட்டால் ஒன்று போய்விடும். இதைச் சில்லே ஒரு கொடியாகத் தூக்கிக் காட்டுகிறது. டிஓஆர் என்னும் அந்தக் கொடியையும், முடிவு பிட் தவறியதைக் கூறும் எஃப்இ கொடியையும், தரவுப் பதிவகத்தைப் படிப்பதற்கு முன்பே படித்துவிட வேண்டும். தரவை எடுத்த கணத்தில் கொடிகளும் மாறிவிடும். இந்த இரண்டையும் எண்ணி வைக்கும் இரு மாறிகளை நிரலில் சேர்த்துவிட்டால், பிழை வேகத்தாலா தாமதத்தாலா என்ற கேள்விக்கு எண்ணாகவே விடை வந்துவிடும். எஃப்இ ஏறினால் கடிகாரம் அல்லது இரைச்சல். டிஓஆர் ஏறினால் தாமதம்.

அர்டுயினோ நூலகம் இதற்கு மேல் 64 பைட் பஃபரை (வந்த பைட்டுகள் காத்திருக்கும் நினைவக இடம்) வைத்திருக்கிறது. அதில் 63 பைட்டுகள் தங்கும். 9600 வேகத்தில் அது நிறைய ஏறத்தாழ 66 மில்லி வினாடி போதும். ஜிபிஎஸ் தொகுதி அனுப்பும் ஒரு என்எம்இஏ வாக்கியம் 82 எழுத்து வரை நீளலாம். நிரலில் ஒரு வினாடி டிலே போட்டுவிட்டு வாக்கியத்தின் வால் ஏன் அறுந்து வருகிறது என்று வியக்க இடமில்லை. டிலேயை எடுத்துவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் பஃபரைக் காலி செய்து, வரி முடிந்த பிறகே அலசத் தொடங்குங்கள்.

இன்டரப்டுகளை (ஓடும் நிரலை இடைநிறுத்திச் சில்லை அவசர வேலைக்கு அழைக்கும் குறிப்புகள்) அணைக்கும் நூலகங்கள் இதைவிடக் கொடியவை, ஏனென்றால் அவை பஃபருக்கே பைட் போய்ச்சேராமல் தடுக்கின்றன. டபிள்யூஎஸ்2812 வண்ண எல்இடி ஒன்றுக்கு 24 பிட், ஏறத்தாழ 30 மைக்ரோ வினாடி. நூறு எல்இடி கொண்ட பட்டைக்கு 3 மில்லி வினாடி இன்டரப்ட் இல்லை. 115200 வேகத்தில் அந்த நேரத்தில் 34 பைட்டுகள் வந்து போயிருக்கும். இங்கே பஃபரைப் பெரிதாக்குவதால் பயனில்லை. எல்இடியைப் புதுப்பிக்கும் நேரத்தில் எதிர்ப்பக்கம் பேசாதிருக்குமாறு நெறிமுறையை அமைக்க வேண்டும், அல்லது டிஎம்ஏ (செயலியின் தலையீடின்றித் தரவை நினைவகத்தில் சேர்க்கும் வசதி) உள்ள சில்லுக்குப் போக வேண்டும். சாஃப்ட்வேர்சீரியல் நூலகமும் ஒரு பைட்டைப் பெறும் நேரம் முழுவதும் இன்டரப்டை அணைத்து வைக்கிறது. அதில் 115200-ஐ எதிர்பார்க்காதீர்கள்.

எஸ்டிஎம்32-இன் எச்ஏஎல் நூலகத்தைப் பயன்படுத்துவோருக்கு இதே நோய் வேறு முகம் காட்டும்: சிறிது நேரம் நன்றாக வந்துகொண்டிருந்து, பிறகு ஒரேயடியாக நின்றுவிடும். ஒருமுறை ஓவர்ரன் (எடுக்கத் தாமதமானதால் பைட் இழப்பு) நேர்ந்ததும் நூலகம் இன்டரப்ட் வழிப் பெறுதலை நிறுத்திவிட்டுப் பிழைக்கான அழைப்பை மட்டும் செய்கிறது. அந்த அழைப்பில் பெறுதலை மீண்டும் தொடங்கிவைக்கும் ஒரு வரியை எழுதாதவரை ரீசெட் ஒன்றே வழியாகத் தோன்றும்.

கடைசி எழுத்து மட்டும் போய்விடுகிறது

பல கருவிகள் பகிர்ந்துகொள்ளும் ஆர்எஸ்-485 தடத்திலும், அனுப்பியவுடன் உறங்கச் செல்லும் கருவிகளிலும் இதைக் காணலாம். தரவுப் பதிவகம் காலி என்று சொல்லும் யூடிஆர்இ கொடி, கடைசி பைட் நகர்வுப் பதிவகத்துக்குப் போய்விட்டது என்று மட்டுமே பொருள்படும். அந்தப் பைட் தடத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்து அந்தத் தடத்தை இயக்கும் மேக்ஸ்485 சில்லின் அனுப்பும் அனுமதியை எடுத்தால் கடைசிப் பைட் நடுவில் அறுபடும். டிஎக்ஸ்சி கொடிக்காகக் காத்திருக்க வேண்டும். எஸ்டிஎம்32-இல் அதன் பெயர் டிசி. அர்டுயினோவில் இதற்கு உரியது ஃப்ளஷ் என்னும் செயற்கூறு. 1.0 பதிப்புக்கு முன் அதே பெயர் பெறும் பஃபரை அழிக்கும் வேலையைச் செய்தது, ஆகவே மிகப் பழைய நிரல்களைப் படிக்கும்போது அதன் பொருளை மாற்றிப் புரிந்துகொள்ளாதீர்கள்.

மின்சாரம் கொடுத்தவுடன் குப்பை, பிறகு தெளிவு

இஎஸ்பி8266-இல் இது கோளாறே அன்று. சில்லின் துவக்க நிரல் 40 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை எண்ணி 115200 என்று அமைக்கிறது, பலகையில் இருப்பதோ 26 மெகாஹெர்ட்ஸ். விளைவாக 74,880 பாட் வேகத்தில் பேசுகிறது. டெர்மினலை அந்த வேகத்தில் வைத்தால் குப்பையாகத் தெரிந்தது ரீசெட்டுக்கான காரணத்தைச் சொல்லும் தெளிவான வாக்கியமாக மாறும். கருவி அடிக்கடி தானே மறுதொடக்கம் ஆகிறதென்றால் அந்த வரியைப் படிப்பது மிகவும் உதவும்.

மற்ற சில்லுகளில், நிரல் தொடங்கும்வரை அனுப்பும் முனை மிதக்கிறது. எதிர்ப்பக்கம் அதைத் தொடக்க பிட்டாக எடுத்துக்கொள்கிறது. 10 கிலோ ஓம் மின்தடையால் தடத்தை உயர்நிலைக்கு இழுத்துவிடுங்கள்.

சிம்800எல் ஜிஎஸ்எம் தொகுதியில் முதல் கட்டளைக்கு விடை வராமல் இரண்டாவதற்கு வந்தால், அது வேகத்தைத் தானே கண்டுகொள்ளும் முறையில் இருக்கிறது. 'ஏடி' என்று ஓரிரு முறை அனுப்பி விடை வந்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். ஆனால் வலைப்பின்னலைத் தேடும் ஒவ்வொரு முறையும் குப்பை வந்து தொகுதி மீண்டும் தொடங்கினால், அது சீரியல் கோளாறே அன்று. அந்தத் தொகுதி 3.4 முதல் 4.4 வோல்ட்டுக்குள் இயங்குவது. ஒலிபரப்பும் கணங்களில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். மோட்டாரை அலைபேசியால் இயக்க வயலில் வைக்கும் கருவியொன்றில் பாட் வேகத்தையும் நிரலையும் மாற்றி மாற்றி இரண்டு நாள் செலவிட்ட பிறகு, தொகுதியின் முனைக்கு ஒட்டியே 1000 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியை வைத்து, மின்வழங்கிக் கம்பியைத் தடிமனாக்கியதும் எல்லாம் ஒரு நிமிடத்தில் அடங்கியதை நான் கண்டிருக்கிறேன். அன்றிலிருந்து ரேடியோ உள்ள எந்தத் தொகுதிக்கும் ஆசிலோஸ்கோப்பின் முதல் முனை மின்வழங்கியில்தான் போகிறது.

மடிக்கணினியில் சார்ஜர் இருந்தால் வேலை செய்கிறது, எடுத்தால் நிற்கிறது

இரு பக்கத்துக் கிரவுண்டுகளும் நேராக இணைக்கப்படவில்லை. சார்ஜரின் புவியிணைப்பு வழியே சுற்றிக்கொண்டு அவை சந்திக்கின்றன. கிரவுண்ட் கம்பியைப் போடுங்கள், போட்டிருந்தால் அதன் சாலிடரைப் பாருங்கள். இதற்கு உறவான இன்னொரு அறிகுறி, பலகையின் மின்சாரத்தை எடுத்த பிறகும் எல்இடி மங்கலாக எரிவது. மாற்றியின் அனுப்பும் முனை ஓய்வில் உயர்நிலையில் நிற்பதால், சில்லின் பெறும் முனையிலுள்ள காப்பு டையோடு வழியே மின்சாரம் உள்ளே கசிந்து சில்லை அரை உயிரில் வைத்திருக்கிறது. அந்த நிலையில் மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்தால் சில்லு முறையான ரீசெட் பெறாமல் தொங்கக்கூடும். தடத்தில் 1 கிலோ ஓம் மின்தடையைத் தொடராக வைத்தால் கசிவு குறையும்.

எழுத்து சரியாகவே தெரிகிறது, கட்டளை மட்டும் ஏற்கப்படவில்லை

கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளைப் பார்க்க வேண்டிய இடம் இது. டெர்மினலில் என்டர் விசை, நிரலுக்கு நிரல், 13 என்ற கேரேஜ் ரிட்டர்னையோ, 10 என்ற லைன் ஃபீடையோ, இரண்டையுமோ அனுப்புகிறது. அர்டுயினோவின் சீரியல் மானிட்டரில் எதுவுமே அனுப்பாத தெரிவும் உண்டு. 10 வரும்வரை படித்து ஒப்பிடும் நிரலுக்கு 13-உம் சேர்ந்து வந்தால், திரையில் 'ஆன்' என்றே தெரிந்தாலும் சொல்லின் நீளம் ஒன்று கூடிவிடும், ஒப்பீடு தோற்கும். பெற்ற ஒவ்வொரு பைட்டையும் எண்ணாக அச்சிடுங்கள், உடனே தெரிந்துவிடும். எச்சி-05 புளூடூத் தொகுதியில் கட்டளை நிலைக்குப் போக, அதன் பொத்தானை அழுத்தியபடியே மின்சாரம் கொடுத்து, வேகத்தை 38,400 ஆக வைத்து, ஒவ்வொரு கட்டளையின் முடிவிலும் 13, 10 இரண்டையும் அனுப்ப வேண்டும். மூன்றில் எது தவறினாலும் அது மௌனமாகவே இருக்கும் அல்லது பிழை என்று திருப்பி அனுப்பும்.

ஊனோ பலகையில் டெர்மினலைத் திறந்த முதல் இரண்டு வினாடிகளில் அனுப்பும் கட்டளை மட்டும் எப்போதும் வீணாகிறதென்றால், துறையைத் திறக்கும்போது டிடிஆர் (கணினி தயார் என்று காட்டும்) தடம் 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி வழியே சில்லை ரீசெட் செய்கிறது. அந்த நேரத்தில் பூட்லோடர் (புதிய நிரலைச் சில்லில் ஏற்றும் சிறு நிரல்) கேட்டுக்கொண்டிருக்கிறது, உங்கள் நிரல் இன்னும் தொடங்கவில்லை. நிரல் தொடங்கியதும் ஒரு தயார்நிலைச் சொல்லை அனுப்பச் செய்து, கணினிப் பக்கம் அதைப் பெற்ற பிறகே முதல் கட்டளையை அனுப்புமாறு எழுதுங்கள்.

நிரலேற்றமே தோற்கிறதென்றால் 0, 1 முனைகளில் சொருகியிருக்கும் ஜிபிஎஸ் அல்லது புளூடூத் தொகுதியின் கம்பியை எடுத்துவிட்டு ஏற்றுங்கள். பூட்லோடரும் அதே இரு முனைகளில்தான் கணினியோடு பேசுகிறது.